ஆவி பறக்க

டுலூத் நகரத்துப் பழைய ஆயுதக்கூட அரங்கில்
சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு
நான் ஒருவனை மூழ்கடித்துக்கொண்டிருந்தேன்.
டிக்கெட் மூன்று டாலர்.
குழந்தைகளுக்குப் பாதி.

ஆர்வில் ட்வேட் அவன் பெயர்.
அதற்கு முன் கவ்பாய். அதற்கும் முன்
ஏதோ ஒரு ரஷ்யக் கர்னல்.
எதற்கும் ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.
எழுபத்தொன்பது அக்டோபரில்
முதலாளி கஸ் பெலான்ஜே
முகச்சவரத்தின் நடுவில், நுரையோடு நுரையாகக் கண்டுபிடித்தான்:
ஏரியில் செத்தவன் ஒருவன்
குஸ்திக்குத் திரும்பி வருகிறான்.
பேச்சு கிடையாது.
மூச்சும் முடிந்தவரை கிடையாது.
பெயர், மூழ்கியவன்.

முகத்துக்குத் துத்தநாகக் களிம்பு,
காதுக்குப் பின்னால்கூட.
பச்சை க்ரேப் காகிதத்தில் பாசி.
மாலுமியின் மழைக்கோட்டு.
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
ஏன் ஒற்றைக் கால் என்று நிறையப் பேர் கேட்டார்கள்.
மற்றது மார்க்கெட் விடுதியில் தொலைந்துபோனது, அவ்வளவுதான்.
கஸ் அதற்கும் ஒரு சுறா கண்டுபிடித்தான்,
நன்னீர் ஏரியில்.

திரைக்குப் பின்னால் ஸ்டூல் மேல் நின்று
இரண்டு வாளி பனித்தண்ணீர் அவன் தலையில் ஊற்றுவது என் வேலை.
மற்ற நேரம் காபியும் பாப்கார்னும் விற்பேன்.
“நடுக்கம் நடிப்பில் வராது, வெர்னா” என்பான் கஸ்.
ஆர்வில் குனிந்து நிற்பான்,
தலைக்கு மேல் போன வெள்ளத்தில்
சாண் என்ன முழம் என்ன என்பதுபோல.
பிறகு நடப்பான், சொட்டச் சொட்ட.
எதிராளி ரே க்ரோபாக் அந்த ஈரத்தில் வழுக்கி
விலா ஒடிந்து விழுந்தான்.
ஊர் அதைச் சாபம் என்றது.
நான் துடைப்பத்தோடு போய்ச்
சாபத்தைத் துடைத்தேன்.

மூன்றாம் வாரம் அவன் இருமல்
ஒப்பனை அறைச் சுவர் தாண்டிக் கேட்டது.
காபி டிரம்மைத் திறந்தேன்.
கஸ்ஸுக்குத் தண்ணி காட்டினேன், வெந்நீராக.
முதல் வாளி விழுந்ததும்
ஆர்வில் தலை தூக்கி என்னைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
செத்தவன் வேஷம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

அன்றைக்கு ஹீட்டர் பழுது.
திரை விலகியதும்
அவன் தோளிலிருந்து, தலையிலிருந்து
ஆவி எழுந்தது.
அரங்கம் முழுக்க எழுந்தது.
பின்வரிசையில் ஒரு பையன் அழுதான்.
கஸ் மட்டும்
தன் திறமை என்று நினைத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் டூ ஹார்பர்ஸ்.
தாதுக் கப்பல்கள் வந்துபோகும் ஊர்.
அங்கே வேண்டாம் என்றேன்.
மூழ்கினவர்களின் வீட்டார்
அங்கே தபாலாபீசில் இருப்பார்கள், பேக்கரியில் இருப்பார்கள்.
போஸ்டர் ஒட்டியாகிவிட்டது என்றான் கஸ்.

நடைவழி ஓரம் ஐலா ராவ்டியோ உட்கார்ந்திருந்தாள்.
பெயர் பிறகுதான் தெரிந்தது.
கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டு,
மடியில் கைப்பை.
அவன் அருகே வந்ததும் எழுந்து நின்றாள்.
முதலில் வெறுங்காலைப் பார்த்தாள், ரொம்ப நேரம்.
பிறகு முகத்தை.
அடிப்பாள் என்று நினைத்தேன்.
அடித்தாலும் நியாயம்தான்.

“கீழே ரொம்பக் குளிருதா?”

நூற்றுச்சொச்சம் சனங்கள். பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை.
மூழ்கியவன் மெதுவாகத் தலையசைத்தான்:
இல்லை.
கோட்டிலிருந்து ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது.
அவள் அதில் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டு
உட்கார்ந்துகொண்டாள்.

அன்று அவன் ஜெயித்தானா தோற்றானா
எனக்கு நினைவில்லை.
வேனில் திரும்பும்போது,
நாற்பது மைல் பனி,
கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்:
“எனக்கு நீச்சல் தெரியாது, வெர்னா.”
ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஜூனில் ஆவி எழவில்லை, வெயில்.
மூழ்கியவன் முடிந்தான்.
அடுத்து அவனுக்கு ஏதோ தேனீ வேஷம்.
பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினான்,
படுக்கையில் காய்ந்தபடி செத்தான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால்,
மார்ச்சில், டிக்கெட் ஜன்னலில் ஒரு பொட்டலம்.
பிரித்தால் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை.
ஒன்றே ஒன்று.
ஆர்விலுக்கு இரண்டு அளவு பெரியது.
போட்டுக்கொண்டான்.
நனைந்து, கணுக்காலில் தொங்கி,
ஆட்டுக்கிடை நாற்றம் நாறியது.
“செத்தவன் சாக்ஸ் போடுவானாடா?”
கஸ் மேடையோரம் நின்று கத்தினான்.
அவன் காதில் விழவில்லை.
காதில் தண்ணீர்.