மேற்படி காலகதி அடைந்தவள்

பில்டரின் வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று:
சூளை வீட்டுக்கு முப்பத்துநாலாம் வருஷத்து
புரோபேட் நகல்.
தாய்ப்பத்திரம் தொலைந்த வீட்டுக்கு
உயில்தான் தாய் என்றார்.
தினமும் யாருக்காவது சொல்லும் வாக்கியமாக இருக்கும்.

மூன்று வியாழக்கிழமை
ஜி.எஸ்.டி. கணக்குகளை அப்படியே போட்டுவிட்டு
பாரிமுனையில் இறங்கி
உயர்நீதிமன்றத்துச் சிவப்புச் சுவரோரம் நடந்தேன்.
முதல் வியாழன் மனு நம்பர் தப்பு.
அடுத்த வியாழன் வக்கீல்கள் புறக்கணிப்பு.
மூன்றாவதில் அமீருன்னிசா மேடம்
தும்மிக்கொண்டே கட்டை அவிழ்த்தார்.
நாடா பழுத்து
வெற்றிலைக் கறை நிறத்தில் இருந்தது.
"திருப்பும்போது மூச்சு விடாதீங்க, பொடியாயிடும்."

மரவாடி ஏகாம்பர நாயகர்,
என் கொள்ளுத்தாத்தா.
வலது பக்கம் விழுந்துவிட்டபடியால்
கையெழுத்துக்குப் பதில் ரேகை.
தேக்கு முப்பது கண்டி, கை ரம்பம் ஆறு,
ஜட்கா ஒன்று, குதிரையில் பாதி
(மறுபாதி தம்பியுடையது).
பிறகு இது:
"என் மூத்தாள் காலகதி அடைந்துவிட்டபடியால்
அவள் நகை மூன்று சவரன்
இளையாள் செங்கமலத்துக்கு."

மூத்தாளுக்குப் பெயரில்லை.
கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் வேறு
என்ன அவசரமோ,
மூத்த சகோதரி என்று இங்கிலீஷில் தட்டிவிட்டார்.
தாலி கட்டியவருக்கே
அக்காள் ஆகிப்போனாள்.

எங்களுக்கும் அவள் பெயர் தெரியாது.
பூவாடைக்காரி என்று கும்பிடுவோம்.
ஆடி மூன்றாம் வெள்ளி
கோடிப் புடவை, மஞ்சள், கண்ணாடி வளையல்,
உப்புப் போடாத கொழுக்கட்டை.
செங்கமலம் கழுத்தில் மூத்தாள் தாலி கிடந்ததாம்,
செத்தவள் கண் பட்டுவிடாமல் இருக்க.
காலராவில் போனாள் என்பார் பெரியப்பா.
கிணறு என்பாள் சின்ன அத்தை, குரலைத் தாழ்த்தி.

உயிலுக்குப் பின்னால்
குண்டூசியின் துரு ஓட்டையோடு
இன்னொரு தாள். கேவியட்.

"மேற்படி காலகதி அடைந்தவள் நானே.
வயது நாற்பத்தொன்று.
எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில்
பதினோரு வருஷமாய் ஆயா வேலை.
நகை மூன்று சவரனும் என் தகப்பனார் போட்டது."

கீழே ரேகை இல்லை. கையெழுத்து.
அம்மாக்கண்ணு.
புதுப்பேட்டை, சென்னை.
அந்த 'னை'க்குப் பழைய காலத்துத் தும்பிக்கை,
மேலே தூக்கி,
சுழி ஒன்று கூடுதலாய்.

யார் எழுதப் பழக்கினார்கள்?
மனுவில் அது இல்லை.
கேட்காததை மனுவில் யாரும் எழுதுவதில்லை.

என் தாத்தா அதே ஆஸ்பத்திரியில்
இருபத்தொன்பதில் பிறந்தவர்.
சாட்சியமாகாது இது, தெரியும்.
ஒரு வார்டா இரண்டு வார்டா அங்கே?
ஆனாலும் பக்கத்தைத் திருப்பாமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசித் தாள் சின்னது:
ரூபாய் நூற்றிருபது பெற்றுக்கொண்டு
ஆட்சேபம் வாபஸ்.
அதற்கப்புறம் அவள் எந்தக் கட்டிலும் இல்லை.
நிஜமாய் எப்போது செத்தாள் என்று
எழுதிவைக்க ஆளில்லை.
நாங்கள்தான் முன்கூட்டியே
புடவை வைத்து முடித்திருந்தோமே.
அவள் பிரசவ வார்டில் துணி அலசிக்கொண்டிருந்த
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை
சூளையில் அவளுக்குக் கற்பூரம் எரிந்திருக்கும்.

வக்கீலுக்கு நாலு பக்கம் போதும்.
நகல் மனுவில் நாலை அடித்து ஏழாக்கினேன்.
ஸ்டாம்பு பசை போதவில்லை,
எச்சில் தொட்டு ஒட்டினேன்.

பிராட்வேயில் பஸ்ஸுக்கு நிற்கையில் அம்மாவின் போன்:
"ஆடி வந்தாச்சுடி, பூவாடைக்காரிக்குப் புடவை எடுக்கணும்.
அரக்கு எடுக்கட்டுமா, மாம்பழ மஞ்சளா?"
ஹாரன் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

இரும்மா,
கேட்டுச் சொல்றேன் என்றேன்.