அ.சா. 1

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
அவள் பெயரை நான் அடிக்கக் கூடாது.
அ.சா. 1 என்று அடிக்கிறேன்.
ஏழாவது வாய்தா.
போன முறை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்,
அதற்கு முந்தின முறை புயல்.

முதுநகர் ஐஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து
உப்பனாற்றுப் பாலம் ஏறினேன் என்கிறாள்.
"வாயில துணிய அடச்சான் சார்,
மீன் கவுச்சி அடிச்ச துணி."
ஐயா சொல்லச் சொல்ல
என் விரல் அடிக்கிறது:
'எதிரி என் வாயைத் துணியால் பொத்தினார்.'

கவுச்சி போய்விட்டது.

பாலத்தில் எத்தனை விளக்கு எரிந்தது?
"எண்ணல சார்."
இதை மட்டும்
அவள் சொன்னபடியே பதியச் சொல்கிறார் வக்கீல்.
திரைக்கு அந்தப் பக்கம்
யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.

வீட்டில் கட்டிலுக்கடியில் என் துப்பறியும் நாவல்கள்.
நூற்றித் தொண்ணூறாம் பக்கத்தில்
எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து
கொலைகாரனைச் சுட்டிவிடுவார்கள்.
பஸ்ஸில் செம்மண்டலம் வருவதற்குள்
நானே கண்டுபிடித்திருப்பேன்.

சாயங்காலம், கையெழுத்துப் போடுமுன்
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
ஒரு வரியில் விரல் நின்றது.
"பொத்தினார்னு நா சொல்லல.
அவனுக்கு என்னா ஆரு?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.
ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
என்னைப் பார்த்தார்.
மாற்று என்றாரா, தலை தானாக ஆடியதா,
தெரியாது. நான் கேட்கவில்லை.

ர் அழித்தேன்.
ன் அடித்தேன்.

பிறகு, யாரும் சொல்லாமலே,
துணிக்கு முன்னால்
மீன் கவுச்சியையும்.