முப்பத்தாறாவது தொட்டி

எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.
சொம்பைச் சிந்தாமல் சாய்க்கத் தெரியுமா என்றாள்
ஜெசிந்தா.
ஊர் தூத்துக்குடிப் பக்கம், படிப்பு பல்கலைக்கழகம்.
கவுஞ்சியில் என் பூண்டுக்காட்டை ஒட்டி
ஒரு பாலித்தீன் கூடாரம்,
உள்ளே முப்பத்தாறு மண்தொட்டி.
நாள்கூலி முந்நூற்றைம்பது.

கல்லுப்பு அத்தனை மூட்டையாக
மலையேறி வந்து அன்றுதான் பார்த்தேன்.
சுனைத் தண்ணீரை நாலு பீப்பாயில் பிடித்து
ஒன்றை அப்படியே விட்டு
மூன்றை நாங்களே கெடுத்தோம்.
நாலு, எட்டு, பன்னிரண்டு என்று
பேனா போன்ற ஒரு கருவி
தண்ணீரில் மூக்கை நனைத்துச் சொல்லும்வரை.

"கீழே கிணறெல்லாம் இப்படித்தான் அண்ணே.
அங்கே யாரும் கரைக்கவில்லை."

விதை, வாற்கோதுமை.
பீப்பாய்க்கு ஒன்பது தொட்டி:
மூன்றுக்கு உரமில்லை, மூன்றுக்குப் பாதி,
மூன்றுக்கு முழுசு.
சுனைநீர் குடித்தவை உரத்தையும் தின்று
முழங்காலுக்கு மேல் எழுந்து
தங்கள் கனத்துக்குத் தாங்களே சாய்ந்தன.
எட்டில் பாதி உரம் போட்டது
இரண்டு தூர் அதிகம் கட்டிக்கொண்டு எப்படியோ நின்றது.
பன்னிரண்டில்
முழு உரம் வாங்கியதுதான் முதலில் கருகியது,
இலை நுனியிலிருந்து,
பீடி எரிகிற மாதிரி.

பசித்தவனுக்குச் சோறு போட்டால் சாவானா?
கேட்டேன்.
"மூட்டையில் வருகிற உரமும் உப்புதான் அண்ணே,
பெயர்தான் வேறு.
தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்,
வேரால் இழுக்க முடியாது."
என் பூண்டுக்கு எத்தனை மூட்டை என்று
அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கடைசித் தொட்டி, முப்பத்தாறு.
அவள் கொடைக்கானலுக்குப் போயிருந்த ஐந்து நாளும்
அதற்கு மட்டும் சுனைநீர் ஊற்றினேன்.
ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.
நடுவில் ஒரு பச்சை,
பிள்ளைப் பல் முளைக்கிற அளவு.
வாங்கிய கூலிக்கு அது துரோகம்,
தெரியும்.

ஆறாம் நாள் ராத்திரி காட்டுமாடு வந்தது.
கூடாரத்தைக் கொம்பால் கிழித்து
சுனைநீர் வரிசையை அடியோடு மேய்ந்து
நாலையும் முடித்து
எட்டு, பன்னிரண்டின் பயிரைத் தொடாமல்
தொட்டி விளிம்பில் பூத்திருந்த வெள்ளையை மட்டும்
சுற்றிச் சுற்றி நக்கிவிட்டுப் போயிருந்தது.
இந்த மலையில் அதற்கு வேறெங்கே கிடைக்கும்?

காலையில் ஜெசிந்தா
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள்,
பிறகு மீதிப் பதினெட்டுக்கும்
அடியில் வடிந்த நீரைப் பிடித்தாள்.
முப்பத்தாறில் கருவி ஐந்து என்றது.
என்னைப் பார்த்தாள்.
நான் பாலித்தீன் கிழிசலைப் பார்த்தேன்.
"மாடு நக்கியதால் இருக்கும்" என்றேன்.

நோட்டில் ஏதோ எழுதினாள். இங்கிலீஷ்.
கூலியில் பிடித்தம் இல்லை.

அவள் சாமான் ஏற்றிய அன்று
கருவியை ஒரு நிமிஷம் இரவல் கேட்டேன்.
என் பூண்டுக்காட்டு ஓரத்தில்
வாய்க்கால் கசிந்து தேங்கும் பள்ளம் ஒன்று உண்டு.
குனிந்து அதன் மூக்கை நனைத்தேன்.

என்ன காட்டிற்று என்று
ஜீப்பிலிருந்து கேட்டாள்.
துடைத்துக் கொடுத்துவிட்டேன்.