கேள்விச் சான்று

புதுக்கடையில் எனக்குச் சம்பளம்
ஒருவர் வாயை இன்னொருவர் காதில் வைப்பதற்கு.
பதினேழு வருடம்.
சாட்சிக்கு வேதாகமத்தை நீட்டுவதும் சில நாட்களில் நான்தான்.
முதுகு கிழிந்து செலோடேப் ஒட்டிய பிரதி,
யாரும் திறந்து பார்த்ததில்லை.

நேற்று வெள்ளவத்தையில்,
தண்டவாளத்துக்கு அப்பால் கல்லில் குந்தியிருந்து
தம்பி கேட்டான். மெல்பேர்னிலிருந்து வந்தவன்,
இரண்டு கிழமை லீவு, கையில் கடலைச் சுருள்.
"அக்கா, உங்கட ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கோ?
பிறந்த வருசத்தையே ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுறாங்கள்.
நாலு வாக்குமூலம். நாலும் காலம் கடந்தது.
கண்ணால கண்டவன் ஆராவது கையெழுத்து வைச்சவனோ?
உங்கட கோட்டில இது நிக்குமோ?"

நிற்காது.
சொன்னேன்.
கேள்விச் சான்று என்று முதல் தவணையிலேயே தள்ளுவார்கள்.
(காதில் விழுந்ததும் கேள்வி, வாய் திறந்து கேட்பதும் கேள்வி.
எங்கள் மொழி இரண்டையும் ஒரே கதிரையில் இருத்தியிருக்கிறது.)

வென்றவன்போல அவன் சிரிக்கவில்லை, அதுதான் கரைச்சல்.
கடலையில் பாதியை என் கையில் கொட்டினான்.
மருதானை ரயில் போனது. கல் நடுங்கியது.

அவனுக்கு நான் சொல்லாதது:
என்னுடைய சந்தேகம் அவனுடையதைவிட மோசம்.
அந்த மனிதர் பேசியது அரமேயம்.
எழுதி வைத்திருப்பது கிரேக்கம்.
அப்படியென்றால் இடையில் ஒருவர் நின்றிருக்கிறார்,
என்னைப்போல, தொண்டை காய்ந்து,
ஒரு வசனம் முடியுமுன் அடுத்தது வந்து விழ.
பெயர் இல்லை. சத்தியப்பிரமாணம் இல்லை.
அவர் எதை விட்டார்?
எந்த இருமலை, எந்தப் பகிடியை?
கோபமா பசியா என்று பிடிபடாத எந்தச் சொல்லைத்
தனக்குத் தெரிந்த சொல்லால் மூடினார்?
ஞாயிறுதோறும் நான் எழுந்து நின்று கேட்பது
யாருடைய குரல்?
சில இரவுகளில் தோன்றும்,
நான் கும்பிடுவது ஒரு மொழிபெயர்ப்பாளரின் பிழையை என்று.

ஆனால் எமரன்சியா.

பேசாலை. ஆட்கொணர்வு மனு. மகன்.
கடைசியாய்க் கண்டபோது என்ன நிறச் சேட் என்றார்
எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.
நீலம் என்றாள்.
பொலிஸ் முறைப்பாட்டில் மண்ணிறம்.
முரண்பாடு, குறித்துக்கொள்ளவும் என்றார்.
கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி அவள்
"நான் முகத்தைத்தானே ஐயா பாத்தனான்" என்றாள்.

ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.
முகம் வந்தது.
பார்த்தேன் வந்தது.
அந்தத் 'தானே' வரவில்லை.
தட்டச்சுக்காரி காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது.
விட்டுவிட்டுச் சொன்னேன்.
பதிவேட்டில் இன்றைக்கும்
ஒரு பெண் ஒரு முகத்தைப் பார்த்தாள், அவ்வளவு.

நாளைக்கு யாராவது அதை வாசித்து
எமரன்சியா என்றொருத்தி இருந்தாளா என்று கேட்கலாம்.
மகன் இருந்தானா என்றும்.
உடல் இல்லை. சட்டை இரண்டு நிறம்.
அந்த அறையில் நான் நின்றேன் என்பதைத் தவிர
என்னிடமும் ஒன்றுமில்லை.

இதனால் அவர் உயிர்த்தார் என்று ஆகாது.
எமரன்சியாவின் மகன் திரும்பி வரவில்லை.
இரண்டையும் பக்கத்தில் வைத்தால்
நானே எழுந்து ஆட்சேபிப்பேன்.
நான் சொல்ல வந்தது சிறியது:
பதிவு பிழைத்த இடத்திலும் ஒரு முகம் இருந்திருக்கலாம்.
சட்டையை மறக்கும் அளவுக்கு
யாரோ அதைப் பார்த்திருக்கலாம்.

தம்பி நாளை பறக்கிறான்.
இன்று காலை ஒரு சத்தியக் கடதாசியை மொழிபெயர்த்து
முத்திரை குத்தினேன். வழமையான கடைசி வரி:
என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.
இத்தனை வருடத்தில் அந்த இரண்டாவது 'உம்'முக்கு
எந்த நீதிபதியும் காரணம் கேட்டதில்லை.

விரலெல்லாம் மை.
கழுவப் போனேன். குழாயில் தண்ணீர் இல்லை.