இருபது கிலோ வரை

பெருங்குடி முக்கில் பந்தல் போட்ட பதினோராம் நாள்
போலீஸ் வந்து ஒலிபெருக்கியை எடுத்துப் போனது.
தொண்டையை விட்டுவிட்டுப் போனது.
செல்வமேரி அக்காவுக்கு மைக் என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.
விக்காதே விக்காதே
நாட்டுச் சொத்தை விக்காதே
எதிரே சால்னாக் கடையில் பரோட்டா கொத்துகிற சத்தம்
தானாக வந்து தாளம் சேர்ந்தது.

எனக்கு மதிய ஷிப்ட். உள்ளே, மூன்றாம் கவுன்டர்.
தராசில் பெட்டி ஏற்றி, சீட்டு ஒட்டி, பெல்ட்டில் தள்ளுவேன்.

மஸ்கட் போகும் மேலூர்க் கொத்தனார் ஒருவர்
இருபத்து மூன்றரைக்கு நூறு கிராம் குறைய வைத்தார்.
கூடுதலுக்கு ஆயிரத்து எழுநூறு கட்டணும் அண்ணே.
தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார்.
ஊறுகாயைத் தொட்டார், விட்டார்.
பிள்ளையின் போட்டோவை எடுத்தார்,
அதில் எடை இல்லை என்று திரும்ப வைத்தார்.
கடைசியில் நாலு கிலோ அரிசிப் பையை
என் காலடியில் நகர்த்திவிட்டு,
யாராவது பொங்கித் தின்னுங்க தம்பி என்றார்.

அன்று காலைப் பேப்பரில் வந்திருந்தது:
நஷ்டம் என்று விற்கிற கம்பெனியை
விற்றுக் கொடுக்க வந்திருக்கும் பெரிய அதிகாரிக்கு
வருஷம் ஆறு கோடி.
திறமைக்கு விலை உண்டல்லவா என்று
கேட்டிருந்தார் அவரே.

பயணிகள் இல்லாத நேரம். தராசு சும்மா கிடந்தது.
ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று
ஏறத்தாழ ஒரு கிராம்.
ஆறு கோடிக்கு நூற்றிருபது கிலோ.
ஆறு பேர் பெட்டி. ஆறு பேரும்
ஊறுகாயைப் பிரிக்காமல் போகலாம்.
என் சம்பளம் பதினாலாயிரம்.
இருபத்தெட்டு கிராம்.
நூறு கிராமுக்குக் கீழே எதையும்
காட்டாது இந்தத் தராசு.
முப்பது நாளையும் அதன் மேல் கொட்டினாலும்
பூஜ்யம்தான் எரியும், பச்சையாக.

இரவு விமானம் போனதும் பெல்ட்டை நிறுத்தினார்கள்.
நோட்டீஸ் பலகையில் புதுத் தாள்:
ஆட்கள் கூடுதல். பட்டியல் பின்னர்.
படித்துவிட்டுத் திரும்பி வந்தவன்
என்ன நினைத்தேனோ, செருப்பைக் கழற்றிவிட்டு
தராசில் ஏறி நின்றேன்.
ஐம்பத்தெட்டு.
சிவப்பு விளக்கு. பொறுமையாக ஒரு பீப்.
முப்பத்தெட்டு கிலோ அதிகம் என்றது,
கொத்தனாரிடம் நான் சொன்ன அதே குரலில்.

அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.
பந்தலில் அடுப்பு இருக்கிறது,
தண்ணீரும் சுள்ளியும் இருக்கிறது,
நாற்பது பேர் இருக்கிறார்கள்.
வாசலில் துப்பாக்கிக்காரர் மறித்து
இந்தியில் கேட்டார், பையில் என்ன என்று.
எனக்குத் தெரிந்த இந்தியில் அரிசிக்கு வார்த்தை இருந்தது.
ஆனாலும் தமிழில்தான் சொன்னேன்:
கூடுதல்.

பையையும் என்னையும்
ஒரு தடவை பார்த்தார்.
விட்டுவிட்டார்.