எங்கட மாதிரித்தான்

பாங்கொக்கில் இறங்கின அன்றைக்கே தொடங்கிவிட்டார்.
ஆற்றில் படகு போகுது,
கரை நெடுக கோபுரங்கள்
வெயிலைப் பொன் தகட்டில் வாங்கி எறியுது,
நான் வாய் திறந்தபடி நிற்கிறேன்.
"மூதூர் லாஞ்சில போற மாதிரித்தான் இருக்கு, என்ன?"
என்றார் குலேந்திரன்.

பதினொரு வருசம் சீட்டுக் கட்டின காசு.
கலியாணத்தோடு போயிருக்க வேண்டிய பயணம்.
பாஸ்போட் படத்தில் இரண்டு பேருக்கும்
நரை வந்திருந்தது.

சியாங் மாய்க்கு இரவு ரயில்.
அவர் மேல் பலகை, நான் கீழே.
திரைச்சீலைக்கு வெளியே ஒரு கை தொங்கியது,
மணிக்கூடு கட்டின கை.
எட்டிப் பிடித்தேன்.
"கந்தளாய் தாண்டேக்கயும் இப்பிடித்தான் ஆடும்"
மேலிருந்து குரல்.
விட்டுவிட்டேன்.

மலையில் ஒரு கோயில்.
நாகங்கள் உடல் நீட்டிக் கைப்பிடியாய்க் கிடக்க
முந்நூற்றுச் சொச்சம் படி.
எண்ணிக்கொண்டே ஏறினார்.
உச்சியில் மூச்சு வாங்க நின்று,
கீழே முகிலுக்குள் நகரம் அமிழ்வதைப் பார்த்து,
"கோணேசருக்கு இவ்வளவு படி இல்லைத்தான்" என்றார்.
அந்த ஒரு தோல்வியை
நான் மனதுக்குள் குறித்து வைத்தேன்.

அடுத்த நாள் வெந்நீர் ஊற்று.
கூடையில் முட்டை கட்டி இறக்கி அவித்துத் தருகிறார்கள்.
எனக்குத் தெரியும் என்ன வரப்போகுது என்று.
வந்தது.
கன்னியாவின் ஏழு கிணறும் வரிசையாய் வந்தன,
எது கை பொறுக்கும், எது பொறுக்காது,
எதில் தன் சிறுவயதுத் துவாய் விழுந்தது.
நான் உப்புத் தொட்டு
இரண்டு முட்டையும் தனியே தின்றேன்.

கிராபியில்தான் வெடித்தது.
"ஒரு நாள். ஒரே ஒரு நாள்
திருகோணமலையை வாயில எடுக்காம இருங்கோ."
சரி என்றார்.
மரப்படகின் மூக்கில் செவ்வந்தி நிறத் துணிகள் பறந்தன.
கடலுக்குள் செங்குத்தாய்ப் பாறைகள்,
இடுப்பில் பச்சைத் தண்ணீர்,
தலையில் காடு.
அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
இஞ்சின் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.
அப்போது எனக்குள்ளே, கேட்காமலே,
யாரோ சொன்னார்கள்:
சுவாமி மலை.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு
தண்ணீரைப் பார்த்தேன்.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு,
"எனக்குத் தெரிஞ்சது ஒரு ஊர்தானே, சுகிர்தா.
வேற எதை வச்சு அளக்கிறது?"
ஏசி சத்தம்.
நித்திரை மாதிரிக் கிடந்தேன்.

வந்து ஒன்பது நாளாகிவிட்டது.
பெட்டியைத் தட்ட உப்புவெளி வீட்டு நிலத்தில்
ஒரு பிடி வெளியூர் மணல் கொட்டியது.
கூட்டினேன். முற்றத்து மணலோடு போய்விட்டது,
பிரிக்க முடியவில்லை.
பக்கத்து வீட்டுப் பவளமக்கா
"எப்பிடியாம் தாய்லாந்து?" என்று கேட்க
வாயில் சொல் வரவில்லை.
"எங்கட மாதிரித்தான்" என்றேன்.
உள்ளே அவர் இருமுவது கேட்டது.
அது இருமலில்லை.

ஞாயிறு பின்னேரம் டச்சு பே.
மதிலில் இருந்து இறால் வடை.
கைப்பையிலிருந்து வரைபடத்தை விரித்து
போன இடத்தையெல்லாம்
எண்ணெய் விரலால் அவருக்குக் காட்டுகிறேன்.
கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான் வந்தது,
ஊர் மான், பயமில்லாதது.
கீழ் ஓரத்தைக் கவ்வி இழுத்தது.

"கிராபி போச்சு" என்றார்.

நான் மேல் பாதியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.
மான் நின்று நிதானமாய் மென்றது,
தீவுகளையும் படகுகளையும்
அவர் பேசாத அந்த ஒரு நாளையும்.
குடாவுக்கு அப்பால் வெளிச்சம் இறங்கியது.
பாறை கறுத்து, தண்ணீர் பச்சையாகி,
ஒரு கணம்
அவர் வாய் திறக்கப் பார்த்தார்.

"சொல்லுங்கோ" என்றேன்.