பெரிட்டின் ஏழு

நாலு வருஷமாய்ப் பாண் தொடவில்லை.
றோல் இல்லை, கொத்து இல்லை,
காய்ச்சலுக்கும் றஸ்க் இல்லை.
பிறகும் ஏன்
பாஷையூர் ஐஸ் வாடியில்
காலை பத்தரைக்கே
பேனை நங்கூரமாய்க் கனக்கிறது?

நித்திரை காணாது என்று நினைக்காதேங்கோ.
ஒன்பது மணித்தியாலம் கிடந்து எழும்பினாலும்
ஈரச் சாக்கைத் தோளில் போட்டதுபோலத்தான்.
வயிறு இப்போது சண்டைக்கு வருவதில்லை.
அதுதான் விளங்கவில்லை:
வயிறு சமாதானம்,
உடம்பு மட்டும் தோற்ற பக்கம்.

டொக்டர் வாகீசன் கடதாசியைத் திருப்பிக் காட்டினார்.
பெரிட்டின் ஏழு.
"இரும்பின்ரை சேமிப்புப் புத்தகம் இது.
உங்கடை கணக்கிலை ஏழு ரூபாதான் கிடக்கு."
தைரொயிட்டுக்கு ஒரு குழாய் இரத்தம்,
பி பன்னிரண்டுக்கு ஒன்று,
இந்த வெயிலிலும் குறையுமாம் டி, அதற்கும் ஒன்று.
"குடல் இதுக்குள்ளை ஆறியிருக்க வேணும்.
ஆறேல்லை எண்டால்
எங்கையோ கோதுமை போகுது. தேடுங்கோ."

தேடினேன்,
சீ.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில்.
பெருங்காயம்:
டப்பாவின் அடியில் எறும்பெழுத்தில் கோதுமை மா.
நாலு வருஷ றசமும் வீண்.
அரிதட்டு: வீட்டில் ஒன்றுதான்.
யூட் தன் அவிச்ச மாவை அரித்து
இரண்டு தட்டுத் தட்டி என்னிடம் தருவார்.
தட்டினால் போய்விடும் என்று
இரண்டுபேருமே நம்பியிருந்தோம்.
சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ:
அது வேறு, இரும்பை வழியில் மறிக்குமாம்.

புது அரிதட்டு வாங்கி
பிடியில் சிவப்பு நூல் கட்டினேன்.

"வேறை?" என்றார் டொக்டர், அடுத்த மாதம்.
"வேறை ஒண்டுமில்லை."

பொய்.
ஞாயிறு ஆறரைப் பூசையில்
என் நாக்கில் வைக்கப்படும் அந்த வெள்ளை வட்டம்,
ரூபாய்க் குற்றியைவிட மெல்லிசு,
கோதுமையால் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம்.
அதை நான் கொப்பியில் எழுதவில்லை.
ஆண்டவரை எப்படிப்
பெருங்காயத்துக்குக் கீழே எழுதுவது?

ஆனால் நான் கணக்கு எழுதுகிற ஆள்.
செவ்வாய் தலைப்பாரம், புதன் கால் சோர்வு.
வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு, நாலு வருஷம்,
இருநூற்றெட்டு என்று
கேட்காமலே பெருக்கித் தந்தது மனம்.

சுவாமியிடம் சொன்னேன்.
பாவசங்கீர்த்தனத்தில் அல்ல,
குருமனை வாசலில்
அவர் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு நிற்கையில்.
அவர் சிரிக்கவில்லை.
"கிண்ணம் மட்டும் காணும், மெற்றில்டா.
அதுவும் முழுசுதான்.
என்ரை கிண்ணத்திலை அப்பத்துண்டு போடுறனான்,
உமக்குப் பிறிம்பாய்ச் சின்னன் ஒண்டு வைப்பம்."
இவ்வளவும் தெரிந்த மனிசன்
நான் வாய் திறக்கும்வரை
ஏன் நான் கேட்கவில்லை என்று
எனக்குத்தான் வெட்கம்.

முதல் ஞாயிறு முழுக்கோயிலும் பார்த்தது.
படியில் வைத்து புளோறன்ஸ் அக்கா கேட்டா:
"ஏன் பிள்ளை, குடிக்கத் தொடங்கீட்டியோ?"

களைப்பு உடனே வெளிக்கிடவில்லை.
குளிசை வயிற்றைக் கட்டுகிறது.
மூன்று மாதத்தில் பெரிட்டின் பதினொன்று.
இன்னும் ஏழைதான்.
கொப்பியில் கடைசியாய் ஒன்று சேர்த்தேன்:
கலியாணவீட்டில், முப்பத்தோராம் நாள் வீட்டில்,
"இதிலை மா போட்டதோ? அகப்பை வேறையோ?" என்று
கேட்டுக் கேட்டு வந்த களைப்பு,
பிறகு கேட்காமல்
வெறும் சோடாவோடு திரும்பி வந்த களைப்பு.
அதற்கு இரத்தம் எடுப்பதில்லை.

நேற்றுப் புதன்.
ஆறு வள்ளம் ஒன்றாய் வந்தன.
நூற்றுப்பத்துக் கட்டி ஐஸ் எழுதினேன்.
பத்தரை போய்,
பதினொன்றேகால் மட்டும்
பேனை பேனையாகவே இருந்தது.